உடம்பு பெருத்தால் யார் பொறுப்பு? ஒரு கிளாஸ் தேயை வைத்து ஒரு விளக்கம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடையில் போன மாதம் ஒரு வாக்குவாதம். எஸ்டேட்டில் முப்பது வருஷம் ரப்பர் பால் மரம் வெட்டி ஓய்ந்த மாமா ஒருவர், செம்பனை லோரி ஓட்டும் பையனின் வயிற்றைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு மருந்து எதுக்குடா?" என்றார். பையன் ரொட்டி சானாயைக் கிழித்துக்கொண்டே, "மாமா, நீங்க தோள்ல காண்டா வச்சுப் பால் வாளி தூக்குனீங்க. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சு உட்கார்ந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணா?" என்றான். பக்கத்து மேசைக்காரர், "சீனியை இவ்வளவு மலிவா வித்தா மனுசன் பெருக்காம என்ன செய்வான்? எல்லாம் கவர்மெண்டு வேலை" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொன்னார். கடைக்கார அண்ணன் வாயே திறக்கவில்லை. அவர் கையில் டின் பால் கரண்டி இருந்தது.

மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு. ஆனால் ஏன் பெருக்கிறது, யார் செய்த தப்பு, யார் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டுதான் சண்டை நடந்தது. நான் மருத்துவன் இல்லை. "இனிப்புநீர் வாசல் வரைக்கும் வந்துட்டீங்க" என்று (நீரிழிவைத்தான்) கிளினிக்கில் சொன்ன பிறகு பயத்தில் படிக்க ஆரம்பித்தவன். படித்ததில் அடிப்படையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

காரணம் வேறு, பொறுப்பு வேறு

மழை பெய்து தாமான் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று வையுங்கள். காரணம் மழைதான், ஆனால் மழையைத் திட்டி என்ன பயன்? லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அடைத்துக் கிடந்தது. அதில் பிளாஸ்டிக் பையைப் போட்டது பக்கத்து வீட்டார், நாமும்தான். லோங்காங்கைக் குறுகலாகக் கட்டியது வீடு கட்டி விற்றவர். அதைத் துப்புரவு செய்ய வேண்டியது நகராண்மைக் கழகம். அரிசி மூட்டையைத் தரையில் வைத்திருந்தது நான்.

இதில் யார் பொறுப்பு என்று ஒற்றைப் பெயர் கேட்டால் பதில் வராது. யார் கையில் எந்தப் பிடி இருக்கிறது என்று கேட்டால் வரும். மூட்டையை மேலே தூக்கி வைக்கும் பிடி என்னிடம் இருக்கிறது. லோங்காங்கை அகலப்படுத்தும் பிடி என்னிடம் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்கப் பொறுப்பு என்ற சொல்லை இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்: மாற்றக்கூடிய பிடி எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவு பொறுப்பு.

எதைப் பருமன் என்கிறோம்

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என்னை எடை பார்த்து 79 கிலோ என்று எழுதினார். உயரம் 168 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் ஓர் எண் வரும். அதற்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர். எனக்கு 28. உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 25 தொட்டால் கூடுதல் எடை, 30 தொட்டால் பருமன். "அப்ப நான் தப்பிச்சேன்" என்றேன். "அண்ணே, சட்டையைத் தூக்குங்க" என்று சொல்லி, டேப்பை வயிற்றைச் சுற்றி இழுத்தார். 98 சென்டிமீட்டர். "நம்ம ஆளுங்கள்ல ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80. அதுக்கு மேல போனா உள்ள கொழுப்பு சேர்ந்திருக்குன்னு அர்த்தம்."

அவர் சொன்ன 'உள்ளே' முக்கியமானது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு ஒரு வகை. குடல், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்னொரு வகை. இதை உள்ளுறுப்புக் கொழுப்பு என்பார்கள். இனிப்புநீருக்கும் இருதய நோய்க்கும் நெருங்கிய சொந்தக்காரன் இந்த இரண்டாவதுதான். தெற்காசிய வம்சாவளியினருக்கு, ஆள் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் இது சேர்ந்துவிடும்.

இதைக் காட்ட 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்களையே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் இங்கிலாந்துக்காரரான யட்கின். இருவருக்கும் குறியீட்டெண் ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக் உடம்பில் 21.2%. யட்கின் மாரத்தான் ஓடுபவர், தன் ஓட்டமெல்லாம் காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடுவதுதான் என்று யாஜ்னிக் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். அதனால் எல்லாவற்றையும் பரம்பரை மேல் போட முடியாது. ஆனாலும் ஒரே எண் எல்லா இனத்துக்கும் ஒரே பொருளைத் தராது என்பது தெளிவு. அதே 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23, 27.5 என்று தனிக் கோடுகளைப் பரிந்துரைத்தது. அந்தக் கோட்டில் நான் தப்பவில்லை.

இனி நாட்டுக் கணக்கு. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 1996-இல் பருமனாக இருந்த பெரியவர்கள் 4.4%. 2006-இல் 14%. 2019-இல் 19.7%. 2023-இல் 21.8%. கூடுதல் எடைக்காரர்களையும் சேர்த்தால் 2023-இல் 54.4%, அதாவது இருவரில் ஒருவருக்கு மேல். இதுவும் 25, 30 என்ற பொதுக் கோட்டை வைத்து எண்ணியது. 2019 ஆய்வில் இந்தியர்களில் இனிப்புநீர் உள்ள பெரியவர்கள் 31.4%, மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். இந்த ஒரு முதலிடத்துக்கு யாரும் பாராட்டு விழா வைக்கவில்லை.

மேலே உள்ள முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் திரும்பப் பாருங்கள். 27 வருஷத்தில் ஐந்து மடங்கு. 'வாயைக் கட்டத் தெரியாதது'தான் காரணம் என்றால், மலேசியர்களின் மனஉறுதி 27 வருஷத்தில் ஐந்தில் ஒன்றாகத் தேய்ந்துபோயிருக்க வேண்டும். பரம்பரைதான் காரணம் என்றால், ஒரே தலைமுறைக்குள் நம் மரபணு மாறியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. மாறியது எது என்று தேடினால்தான் பொறுப்பு யாருடையது என்பதும் பிடிபடும்.

வரவும் செலவும்

கலோரி என்பது உணவில் உள்ள ஆற்றலை அளக்கும் அலகு. காசு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சோற்றில் உள்ள மாவுச்சத்து, சீனி, பருப்பில் உள்ள புரதம் எல்லாம் கிராமுக்குச் சுமார் 4 கலோரி. கொழுப்பும் எண்ணெயும் கிராமுக்கு 9. சாப்பிடுவது வரவு, மூச்சு விடுவதிலிருந்து மூட்டை தூக்குவது வரை செலவு. மிச்சம் கொழுப்பாகச் சேமிப்பில் போகும். சேமிப்பில் ஒரு கிலோ ஏறச் சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும்.

என் அம்மா பால் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு; பிறகு மரங்கள் நிற்கும் தீம்பாருக்கு நடை. மேடும் பள்ளமுமாக ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டி, திரும்பவும் ஒவ்வொரு மரமாகப் போய் மங்கில் இருந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கி வருவார். வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி.

'அந்தக் காலத்துச் சாப்பாடே ஆரோக்கியம்' என்று இப்போது மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. குண்டான் நிறையச் சோறு, ஒரு துண்டு கருவாடு, சீனி தூக்கலாகப் போட்ட வரக்கோப்பி. காய்கறி கிடைத்த நாள் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. பெண்களில் பலர் ரத்தசோகையில் வாடினார்கள். அந்தச் சோற்றுக் குன்றைக் கரைத்தது காண்டா. எஸ்டேட்டுகள் துண்டாடப்பட்டு, கித்தா, அதாவது ரப்பர், போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் லயத்தை விட்டுத் தாமானுக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். செம்பனைக் குலை வெட்டுவது இன்றைக்கும் முதுகை ஒடிக்கும் வேலைதான், ஆனால் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் வீட்டில் தட்டு அதே அளவில் இருந்துவிட்டது. காண்டா மட்டும் போய்விட்டது. போதாததற்குத் தட்டில் எண்ணெயும் சீனியும் ஏறின.

மிச்சம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 65 கலோரி வரை இருக்கும். தினமும் அதை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால், வெறும் பெருக்கல் கணக்கில் வருஷத்துக்கு 3 கிலோ. உண்மையில் உடம்பு கனக்கக் கனக்க அதைச் சுமக்கும் செலவும் கூடுவதால் அவ்வளவு ஏறாது. ஆனால் ஒரு கரண்டி எவ்வளவு சத்தமில்லாமல் வேலை செய்யும் என்பது புரியும்.

ஆக, லோரிப் பையன் சொன்னது சரி. வேலை மாறியது, வரவு ஏறியது. ஆனால் வரவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று மாமா கேட்பார்.

தொட்டியில் மிதக்கும் பந்து

வீட்டுக் கூரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மிதவைப் பந்து இருக்கும். தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். நிறைந்தால் பந்து ஏறிக் குழாயை மூடும். பசியும் கிட்டத்தட்ட இப்படித்தான். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்கின்றன. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு 1994-இல் இதைக் கண்டுபிடித்தது. வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து 'சாப்பிடு' என்கிறது. இது 1999-இல் ஜப்பானியர்கள் கண்டது. பந்து ஏறுவதும் இறங்குவதும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

நீண்ட காலம் பருமனாக இருப்பவர்களுக்கு லெப்டின் நிறையவே இருக்கும். ஆனால் மூளை அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. பந்து மேலேதான் மிதக்கிறது, குழாய் மூட மாட்டேன் என்கிறது.

பட்டினி கிடந்து இளைத்தால்? 2011-இல் மெல்பர்னில் பிரியா சுமித்ரனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். எடை இறங்கியது. லெப்டின் விழுந்தது, கிரெலின் ஏறியது, பசி கூடியது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இளைத்தவர்கள் மறுபடி ஊதுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களுடைய உடம்பு வருஷக்கணக்கில் 'பஞ்சம் வந்துவிட்டது, தின்று வை' என்று சொல்லிக்கொண்டிருப்பது நமக்குக் கேட்பதில்லை.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் பந்தை ஏமாற்றும். அதிபதப்படுத்திய உணவு என்றால், வீட்டுச் சமையலறையில் இல்லாத சேர்மானங்களைக் கொண்டு தொழிற்சாலையில் செய்து பாக்கெட்டில் வருவது: இன்ஸ்டன்ட் மீ, சாசேஜ், கிரீம் பிஸ்கட், டின்னில் வரும் கேஸ் பானம். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சீனி, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். ஆட்கள் மாறவில்லை, அவர்களின் மனஉறுதியும் மாறவில்லை. மேசையில் வைத்ததுதான் மாறியது.

குடிக்கும் கலோரி இன்னும் மோசம். மென்று தின்றது வயிற்றில் கணக்காகும். குடித்ததை உடம்பு அவ்வளவு சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. தே குடித்ததற்காக யாரும் ஒரு ரொட்டியைக் குறைத்துக்கொள்வதில்லை.

சுருக்கமாக: வரவு செலவுக் கணக்கு உண்மை. ஆனால் அந்தக் கணக்குப்பிள்ளை நம் புத்தி இல்லை, பெரும்பாலும் ஹார்மோன். அவரைக் குழப்புவது சுற்றியுள்ள உணவு.

கேட்காமலே வருவது

இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

நம் ஊர்க் கடையில் போய் உட்கார்ந்து "தே" என்று ஒற்றைச் சொல் சொன்னால் என்ன வரும்? டின் பால் ஊற்றிய இனிப்புத் தே. பால் வேண்டாம் என்றால் "தே ஓ" என்று கூடுதலாக ஓர் எழுத்துச் சொல்ல வேண்டும். அதிலும் சீனி இருக்கும். சீனியும் வேண்டாம் என்றால் "தே ஓ கோசோங்". பாலும் கொஞ்சம் இருக்க வேண்டும், இனிப்பு குறைய வேண்டும் என்றால் "தே, குராங் மானிஸ்". கவனித்தீர்களா? டம்ளரில் பொருள் குறையக் குறைய, வாயில் சொல் கூடுகிறது. வெறும் தேத்தண்ணிதான் கடைக்காரருக்கு ஆகக் குறைந்த செலவு. அதைக் கேட்கத்தான் ஆக நீளமான வாக்கியம்.

ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக வந்து சேர்வதை முன்னிருப்பு என்கிறார்கள். போனில் தானாக இருக்கும் மணியோசை மாதிரி. மாற்றலாம், ஆனால் முக்கால்வாசிப் பேர் மாற்றுவதில்லை. சோம்பல் ஒரு காரணம். மாற்றினால் ஆள் தனியாகத் தெரிவார் என்பது இன்னொன்று. நான் முதல் தடவை "தே ஓ கோசோங்" என்றபோது கடைக்கார அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சுகர் வந்துருச்சாண்ணே?" என்றார். சீனி இல்லாமல் குடிக்க இங்கே ஒரு நோய் இருக்க வேண்டும். ஆரோக்கியமாக இருப்பவன் கேட்டால் அது கஞ்சத்தனம் அல்லது கிறுக்கு.

ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் சுமார் 10 கிராம் சீனி. எங்கள் கடையில் ஒரு கிளாஸுக்கு மூன்று கரண்டி, எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆக 30 கிராம். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இப்படிச் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தாலே கோட்டைத் தாண்டியாகிவிட்டது. இன்னும் சிராப் பண்டோங்குக்கும் மீலோ ஐஸுக்கும் வரவில்லை.

வாக்குவாதம் செய்த மாமாவையும் சொல்ல வேண்டும். அவர் 'பால் உடம்புக்கு ஆகாது' என்று வருஷக்கணக்கில் தே ஓதான் குடிக்கிறார். ஒரு கிளாஸுக்கு மூன்று கரண்டி சீனி. வாயைக் கட்டியிருப்பதாகவே மனதார நம்புகிறார்.

மலிவாக இருப்பது எது, யார் முடிவு செய்தது

முன்னிருப்பு தானாக முளைப்பதில்லை. பெரும்பாலும் விலை பார்த்து முளைக்கிறது. சாதாரணச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு என்பது கட்டுப்பாட்டு விலை. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் மானியத்தில் 2 வெள்ளி 50 காசு. கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் இப்படி வருஷம் முழுக்கக் காவல் கிடையாது. பண்டிகைக் காலத்தில் சில காய்கறிகளுக்கு விலை வரம்பு வரும், பிறகு போய்விடும். ஏழைக்கு உதவ வந்த கட்டுப்பாடுகள்தான் இவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சம்பளம் குறைந்த வீட்டில் பத்து வெள்ளிக்கு அதிக கலோரி எதில் கிடைக்கிறது என்று பார்த்தால் சீனி, எண்ணெய், மாவு. மூன்றையும் சேர்த்தால் ரொட்டி சானாயும் தேயும் ஆகிறது.

அரசாங்கம் சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. சீனிக்குக் கொடுத்த 34 காசு மானியத்தை 2013-இல் எடுத்தது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி. அது 2024-இல் 50 காசு, 2025 தொடக்கத்தில் 90 காசு. டின்னுக்குக் கணக்குப் போட்டால் 30 காசுக்குக் கிட்ட. வாங்குபவன் பயந்தானோ இல்லையோ, பல பானங்களின் சேர்மானத்தை 5 கிராம் கோட்டுக்குக் கீழே வரும்படி நிறுவனங்கள் மாற்றின. இந்த வரியின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது: குடிப்பவன் ஒரு சொல்கூடக் கூடுதலாகச் சொல்லாமலே அவன் டின்னில் சீனி குறைந்துவிட்டது.

ஆனால் அந்த வரி தொழிற்சாலையில் அடைத்து வரும் பானத்துக்கு. கடையில் கலக்கும் தே அதில் சேராது. பக்கத்து மேசைக்காரர் குறை சொன்ன அரசாங்கம் ஒரு கையால் டின் பானத்தில் சீனியைக் குறைக்கிறது, மறு கையால் மூட்டைச் சீனியின் விலை ஏறாமல் பிடித்திருக்கிறது.

பெட்டியின் முன்பக்கம்

நிறுவனங்களைப் பற்றி நீளமாகத் திட்டலாம், எனக்கு அதில் ஆசை இல்லை. ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். ஆஸ்திரேலியாவில் மீலோ தூளின் டப்பாவில் ஐந்துக்கு 4.5 ஆரோக்கிய நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அந்த மதிப்பெண், மூன்று டீஸ்பூன் தூளைக் கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடித்தால் வருவது. தூளுக்கு மட்டும் போட்டால் 1.5. விமர்சனம் கிளம்பியதும் 2018-இல் நெஸ்லே அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டது. சட்டம் மீறவில்லை, பொய்யும் எழுதவில்லை. ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் எதைக் காட்டுவது என்ற பிடி யார் கையில் என்பது தெரிகிறது. சிலி நாடு 2016-இல் அந்தப் பிடியைப் பறித்துக்கொண்டது: சீனி, உப்பு, கொழுப்பு, கலோரி கூடின பாக்கெட்டுகளுக்கு முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் படமும் அவற்றில் கூடாது.

வீட்டில்

'பிள்ளை கொழுகொழுன்னு இருக்கணும்' என்று ஊட்டும் பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு. கல்யாண வீட்டில் வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்த பிறகும் இலையில் விழும் இரண்டாவது பாயசத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பேச்சு வீட்டுக்குள் வந்ததும் அது அம்மா தலையில்தான் இறங்குகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, அரைத் தூக்கத்தில் பிள்ளைக்கு மேகி போட்டுக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணிடம் 'கீரை சமைக்கக் கூடாதா' என்று கேட்பவர், கீரை ஆயக் கூடவே உட்கார வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் அறிந்த விஷயம். அதனால் ஷிப்ட் வேலை அவருடைய எடையையும் ஏற்றுகிறது.

அப்படியானால் யார்?

பிடிகளை வரிசைப்படுத்தினால் எனக்குத் தோன்றுவது இது. என் கையில் இருப்பது என் கிளாஸும் என் நடையும். மூன்று கரண்டியை ஒன்றாக்கியது நான்தான், அதற்குக் கவர்மெண்டைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒன்றுக்காகத் தினமும் என் ஹார்மோனோடும் கடைக்காரரோடும் பேரம் பேசுகிறேன். நிறுவனத்தின் கையில் இருப்பது ஆயிரக்கணக்கான டப்பாக்களின் சேர்மானம். அரசாங்கத்தின் கையில் இருப்பது விலையும் முத்திரையும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையும். பரம்பரை ஒரு காரணம்தான், மழையைப் போல. அதன் கையில் பிடி எதுவும் இல்லாததால் அதைப் பொறுப்பாக்க முடியாது. முன்னிருப்பை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் மாற்றக்கூடியவருக்குப் பொறுப்பு அதிகம் என்பது என் கட்சி. மாமா இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைக்கார அண்ணன் கையில் எவ்வளவு பிடி என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஒரு நாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டுவிட்டேன். "அண்ணே, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் ரெண்டு கரண்டி போட்டா என்ன? டின்னும் மிச்சம்தானே?"

"மிச்சம்தான். ஒரு நாளைக்கு நாலஞ்சு டின் மிச்சமாகும்."

"அப்புறம் என்ன?"

அவர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு ஒட்டுக்கடையைத் தாடையால் காட்டினார். "அங்க மூணு போடுறான். நான் ரெண்டாக்குனா 'தண்ணியா இருக்கு'ன்னு நாளைக்கு எல்லாரும் அங்க உட்காருவாங்க. அவனும் ரெண்டாக்கட்டும், நான் அன்னைக்கே ஆக்குறேன்."

எதிர்க்கடைக்குப் போய்க் கேட்டேன். அவரும் இந்தப் பக்கம் கை காட்டினார்.